வெள்ளைப் பொடி சொன்ன சாட்சி

பாண்டிச்சேரி என்ற பெயர் அரசாங்கக் காகிதங்களில் புதுச்சேரி என்று மாறிய வருடம் அது. அந்தக் கோடையில் நான் இந்த ஊரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. வீடு ரெட்டியார்பாளையத்தில். காலை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் கிளம்பி லேபுக்குள் நுழைந்தால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மோப்பம் ஜாஸ்தி. பால் திரியப் போவதை அம்மாவுக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிடுவேன். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மாடியிலிருந்தே சொல்லுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. அந்தப் பெருமைதான் என்னைக் குப்புறக் கவிழ்த்தது.

என் ஆராய்ச்சிப் பொருளின் பெயர் சிர்கோனியம் பாஸ்பேட். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பார்வைக்கு மைதா மாவு போல ஒரு வெள்ளைப் பொடி, அவ்வளவுதான். ஆனால் அதன் உள்ளே எல்லாம் ஏடு ஏடாக இருக்கும். நம் ஊர் பேக்கரியில் சூடாக முட்டை பஃப்ஸ் வாங்கிக் கடித்தால் மேல்பக்கம் ஏடு ஏடாகப் பிரிந்து சட்டையில் உதிருமே, அந்த மாதிரி. என்ன, இங்கே ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் ஒரு லட்சம் ஏடுகள் அடங்கிவிடும். ஏடுகளின் இரண்டு பக்கமும் அமிலத்தன்மை உண்டு. காரத்தன்மை உள்ள சில பொருள்கள் அருகே வந்தால் ஏடுகள் விலகி இடம் கொடுத்து அவற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். வந்தது எவ்வளவு நீளமோ அதற்கேற்றபடி விலகும். திடப்பொருள் என்றால் கல் மாதிரி சும்மா கிடக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, இதை முதன்முதலாகப் படித்தபோது அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை.

படிப்பது சுலபம். செய்வது அப்படியில்லை. சிர்கோனியம் உப்பைத் தண்ணீரில் கரைத்து பாஸ்பாரிக் அமிலத்தில் ஊற்றினால் அரிசிக் கஞ்சி போல வெள்ளையாக ஒரு கூழ் இறங்கும். அந்தக் கூழை அடர்ந்த அமிலத்தில் நாள்கணக்காகக் கொதிக்க விட வேண்டும். மேலே எழும் ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவைக்குள்ளேயே சொட்டுவதற்காக ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதைச் சுற்றிக் குழாய்த் தண்ணீரை ஓட விட வேண்டும். முதல் தடவை கரண்ட் போய்க் கெட்டது. இரண்டாம் தடவை மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்து கெட்டது. மூன்றாவது தடவை ஐந்து நாள் தடங்கல் இல்லாமல் கொதித்து, குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று படிந்து நின்றது. அழுதே விட்டேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பொடி அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை இறுத்து, அதைச் சோதனைத் தாளில் தொட்டுப் பார்க்க வேண்டும். தாள் சிவந்தால் அமிலம் இன்னும் மிச்சம், மறுபடியும் கழுவ வேண்டும். ஐந்தாறு தடவைக்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. அப்போதுதான் லேபில் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா பக்கத்தில் வந்து, "குடுங்க மேடம், நான் பாக்குறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டுக்காரர் மீன்பிடி போட்டுக்குப் போகிறவர். ஆறு வருடமாகத் தினக்கூலியாக வேலை செய்துகொண்டிருந்தார். வேலை நிரந்தரமாகப் போகிறவர்களின் பட்டியலில் அந்த வருடம்தான் அவர் பெயர் ஏறியிருந்தது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். ஆனால் ஆபீஸ் பக்கமிருந்து யாராவது வந்தால் அவர் கை ஒரு கணம் நின்றுவிடும்.

இரண்டு நாள் பொறுமையாகக் கழுவினார். இரண்டாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க வாங்களேன். கலக்குனா எப்புடி மினுக்குது பாருங்க. மத்திச் செதிலு மாதிரியே கீது."

பார்த்தேன். தண்ணீருக்குள் பட்டுத்துணி புரள்வது போல வெள்ளி அலைகள் சுழன்றுகொண்டிருந்தன. தட்டையான படிகங்கள் ஒழுங்காக வளர்ந்திருந்தால்தான் அப்படி மின்னும். பொடி நன்றாக வந்திருக்கிறது என்பதை எந்தக் கருவிக்கும் முன்னால் அந்த அக்காதான் கண்டு சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கலக்கி வேடிக்கை பார்த்தோம். மற்ற மாணவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பொடியை உலர்த்தி, அகலமான ஒரு கண்ணாடித் தட்டில் பரப்பி, மேலே வடிதாள் மூடி என் அலமாரியில் வைத்தேன். ஏடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து சொல்லும் எக்ஸ்-ரே கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது. சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்திருந்தது. அதற்குள் அடுத்த வேலைக்குத் தயாராகலாம் என்று பியூட்டைல் அமீன் என்ற திரவத்தின் புது பாட்டிலைப் பிரித்தேன். இந்த அமீனை ஏடுகளுக்குள் புகுத்திப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சியின் அடுத்த படி. அதன் தூய்மையைச் சோதிக்கக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பாட்டிலை மூடி, அதே அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். லேப் கோட்டை எப்போதும்போல அலமாரிக் கதவின் உள்பக்க ஆணியில் மாட்டினேன்.

மறுநாளிலிருந்து லேபில் மீன் வாடை.

முதலில் லேசாக. பிறகு மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு. கோடை வேறு, மின்விசிறி அந்த நாற்றத்தை மூலைக்கு மூலை பரப்பியது. "கருவாட்டுச் சந்தையில உக்காந்து பிஎச்.டி. பண்றோம்" என்று ஒரு மாணவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போனது.

மோப்பக்காரி நான் சும்மா இருப்பேனா? துப்பறிய ஆரம்பித்தேன். அந்த அக்காவின் அருகில் போகும்போதெல்லாம் வாடை தூக்கலாக இருப்பதை நானே பல தடவை சோதித்து உறுதி செய்துகொண்டேன். ஒரு நாள் மத்தியானம் நேரடியாகவே கேட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கருவாடு ஏதாவது எடுத்துட்டு வர்றீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், தன் டிபன் பாக்ஸை எடுத்து வந்து என் முன்னால் திறந்தார். எலுமிச்சம்பழச் சாதம். ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய்.

"நான் எடுத்தாறது இல்ல மேடம்" என்றார். டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

நான் நம்பவில்லை. இன்று இல்லை, நேற்று இருந்திருக்கும் என்று நினைத்தேன். துணியிலேயே ஊறியிருக்கும் என்று நினைத்தேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. வாசலுக்குக் கூடை வந்தால் வஞ்சிரமா என்று முதலில் ஓடுபவள் நான்தான்.

எல்லோரும் சேர்ந்து புகார் எழுதுவதென்று முடிவானது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். லேபில் சகிக்க முடியாத மீன் நாற்றம் அடிப்பதாகவும், கழுவும் பணியாளர் சுத்தம் பேணுவதில்லை என்றும் அழகாக எழுதி முதல் கையெழுத்தையும் போட்டேன். கடிதம் ஆபீசுக்குப் போனது. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் இருக்கும் பெயரையும் எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. எனக்கு அன்று மாலை கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் காலை சென்னைக்கு பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தில் அது மறந்துபோனது.

சென்னையில் என் பொடியைக் கருவிக்குள் வைத்த ஆபரேட்டர் அண்ணன் கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"பன்னெண்டு டிகிரி கிட்ட பீக் வரும்னு எழுதியிருக்கீங்க. அங்க ஒண்ணுமே இல்லம்மா. அஞ்சுக்குக் கீழ ஒரு பனைமரம் நிக்குது. சாம்பிள் மாறிப் போச்சா?"

திரையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. இருக்கக்கூடாத இடத்தில் ஒற்றைக் கோடு நெட்டுக்குத்தாக நின்றது. ஐந்து நாள் கொதிக்க வைத்தது, இரண்டு நாள் கழுவியது எல்லாம் வீண் என்று நினைத்தேன். தாளை வாங்கிச் சுருட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறினேன்.

மரக்காணம் உப்பளங்கள் தாண்டும்போது, வேறு வேலை இல்லாமல், கால்குலேட்டரை எடுத்து அந்தக் கோணத்தைக் கணக்குப் போட்டேன். கோணம் சின்னதாக ஆக ஆக ஏடுகளின் இடைவெளி பெரிதாகும், அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சாதாரணமாக அந்த இடைவெளி 7.6 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும்; ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாக வகுத்தால் வருவது ஒரு ஆங்ஸ்ட்ராம். எனக்கு வந்த விடை 18.6.

தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். மறுபடியும் 18.6.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த எண்ணை எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் படித்து, நோட்டில் எழுதி, சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்த எண். பியூட்டைல் அமீன் முழுமையாக உள்ளே புகுந்தால் வர வேண்டிய எண். அதாவது, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லாத சோதனை என் அலமாரிக்குள் தானாகவே நடந்து முடிந்திருந்தது. நான் தொடவில்லை, கலக்கவில்லை. காற்றில் மிதந்து வந்த ஆவி வடிதாளைத் தாண்டி, பொடிக்குள் இறங்கி, கோடிக்கோடி ஏடுகளைத் திறந்து, ஏடுகளுக்கு நடுவே இரண்டிரண்டு வரிசையாகப் போய் நின்றிருக்கிறது. ஒவ்வொரு ஏடும் ஒரே அளவுக்கு விலகியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் உப்புக் குவியல்கள் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தன. இந்த உலகத்தில் சும்மா கிடக்கும் பொருள் என்று ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று தோன்றியது. பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சந்தோஷம் அடுத்த ஊர் வருவதற்குள் இறங்கிவிட்டது.

ஆவி வந்திருக்கிறது என்றால், பாட்டில் ஒழுங்காக மூடப்படவில்லை. அமீன்களுக்கு மீன் வாடை என்பது பள்ளிக்கூடப் பாடம். நான் அதைத் தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கருவாட்டு வாடைக்குக் காரணமான அமீன் வேறு, அது உள்ளே போயிருந்தால் எண்ணும் வேறாக இருந்திருக்கும். லேபில் அடித்தது மீனே இல்லை. என் பாட்டில்.

புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி நேராகக் கல்லூரிக்குப் போனேன். அலமாரியைத் திறந்தேன். பாட்டிலின் மேல்மூடி இருந்தது. உள்ளே இறுக்கி அடைத்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் அடைப்பானைக் காணவில்லை. அன்று பாட்டிலைப் பிரித்தபோது அதை எங்கே வைத்தேன்? மேஜையில் தேடினேன். இழுப்பறையில் தேடினேன். கடைசியில், கதவில் தொங்கிய என் லேப் கோட்டின் பைக்குள் கை விட்டேன். விரலில் சின்னதாக, வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது.

அடைப்பானைப் பையில் போட்டுக்கொண்டு, கோட்டைத் தினமும் அந்த ஆவியிலேயே ஊறப் போட்டு, அதை மாட்டிக்கொண்டு நான் போய் நின்ற இடத்தில் எல்லாம் நானே மோப்பம் பிடித்திருக்கிறேன். அக்காவின் அருகில் வாடை தூக்கலாக இருந்ததற்குக் காரணம், அங்கே நான் கோட்டோடு போனதுதான்; மற்றவர்கள் பக்கத்தில் போய்ச் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்த் தாளை நீட்டினேன். அவருக்கு அதைப் பார்த்ததும் முகமெல்லாம் விரிந்துவிட்டது.

"ஆவியிலேயே உள்ள பூந்துடுச்சா! எவ்ளோ நீட்டா வந்திருக்கு பாரும்மா!"

"சார், அந்த அக்கா..." என்றேன். அடைப்பானை அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "நீயே போய் எழுதிக் குடு. இப்பவே போ" என்றார்.

ஆபீசில் எழுத்தரிடம் என் புகாரைத் திரும்பக் கேட்டேன்.

"ஃபைல்ல போன லெட்டர எப்புடிம்மா எடுக்குறது? வேணும்னா இன்னொன்னு எழுதிக் குடு, மேல வெச்சுக் கட்டுறேன்."

அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். நாற்றத்துக்குக் காரணம் நான். பாட்டிலைச் சரியாக மூடாதது நான். அந்தப் பணியாளர் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆதாரமாக எக்ஸ்-ரே தாளையும் இணைத்தேன். எழுத்தர் அந்த ஒற்றைக் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு ஈ.சி.ஜி.? யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார். எனக்குத்தான் சார் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தைரியம் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆபீசிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள். நாலாம் நாள் அவர் வந்து, ஒன்றுமே நடக்காததுபோல, தொட்டியில் கிடந்த குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தார். பட்டியலிலும் அவர் பெயர் தங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

அவர் பக்கத்தில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது நினைவில்லை, குளறினேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடாமல் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு, நடந்ததை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சோதனைக் குழாயில் அமீன் ஒரு சொட்டு விட்டு, தூரத்திலிருந்து கையால் விசிறிக் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்தார். அதில், அவர் கழுவித் தந்த பொடியில் ஆவி படாமல் வேறொரு சீசாவில் இறுக மூடி மிச்சம் வைத்திருந்ததைக் கொட்டி, மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன்.

அவர் மெதுவாக முகர்ந்தார். இன்னும் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார்.

"வாடையே இல்லயே! எங்க போச்சு?"

"உள்ள போயிடுச்சுக்கா. பொடிக்குள்ள."

"நாங்க மீனு ஆஞ்ச கையில எலுமிச்சம்பழம் தேய்ப்போமே, அந்த மாதிரியா?"

"அதேதான்கா. அதுவும் அமிலம், இதுவும் அமிலம்."

சோதனைக் குழாயை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நான் பஸ்ஸில் எப்படிப் பார்த்திருப்பேனோ அப்படி. அவர் முகத்திலும் அந்த ஆச்சரியத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

அவர் குழாயை என் கையில் கொடுத்துவிட்டு, பார்வையைத் தாழ்த்தாமல் கேட்டார்.

"ஆறு வருசமா ஒரு நாளு மீன் கொழம்பு எடுத்தாந்ததில்ல மேடம். வேலைக்கு வர்ற அன்னிக்கு காலையில மீனத் தொடக்கூட மாட்டேன். யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதான். டப்பாவத் தொறந்து காட்டுனேன், நீங்க நம்பல. பொடி சொல்லுச்சு, நம்புனீங்க. அந்தப் பொடி சொல்லலன்னா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பி, மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

அந்தச் சோதனையை முறைப்படி மறுபடியும் செய்தேன், பட்டமும் வாங்கினேன். இப்போது நானே பாடம் எடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை, வெள்ளைப் பொடி நாற்றத்தை விழுங்குவதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன். அவர்கள் வாய் பிளப்பதைப் பார்க்க இன்றும் எனக்கு அலுக்கவில்லை. எத்தனை தடவை செய்தாலும் அந்தக் கணத்தில் எனக்கும் சிலிர்க்கும். ஆனால் அழகான கையெழுத்தில் நான் எழுதிய அந்த முதல் கடிதம் ஏதோ ஒரு அலமாரியில், அந்த ஃபைலில், இரண்டாவது கடிதத்துக்கு அடியில் இன்னும் இருக்கத்தான் செய்யும். யார் மேலாவது சந்தேகம் எழும்போதெல்லாம், வாயைத் திறப்பதற்கு முன்னால் இன்றைக்கும் என் கை தானாகவே என் பைக்குள் போய்த் துழாவுகிறது.